மார்பு முப்பத்தெட்டு

பிப்ரவரி 6

கத்தரி அக்காவுக்கு உன் தம்பி எழுதுவது.

நான் நலம். நீயும், கத்தரிக்கோலைவிடக் கூர்மையான உன் வாயும் நலமா? காஜாக்காரி எப்படி இருக்கிறாள்? அழுதுகொண்டே காஜா போட்டால் கஸ்டமர் துணி ஈரமாகிவிடும் என்று புருஷன் சொன்னதாகச் சொல். இந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டு.

என்னை இங்கே மாற்றி இருபது நாள் ஆகிறது. எந்த இடம் என்று உறையின் மேலிருக்கும் முத்திரையே சொல்லும். மாதம் ஒரு கடிதம் எழுதலாம். ஒரு தாள்தான். குடும்ப விஷயம், உடல்நலம் தவிர வேறு எதுவும் கூடாது. ஓர் அதிகாரி படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார், உன் கடிதத்தையும் அவர்தான் முதலில் படிப்பார். அதனால் என்னைத் திட்டுவதென்றால் கொஞ்சம் நாகரிகமாகத் திட்டு.

எங்கள் அறையில் (இங்கே இரண்டு வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளன) மற்றபடி குறை ஒன்றுமில்லை.

மார்ச் 20 அன்று கோர்ட். விசாரணைக் கைதி என்பதால் கோர்ட்டுக்குச் சொந்தச் சட்டை போடலாமாம். பிடித்துக்கொண்டு வந்த அன்று போட்டிருந்தது கிழிந்துவிட்டது. ஒரு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்பு. அளவு நோட்டைத் தேடாதே, இதோ: மார்பு 38, தோள் 17½, கழுத்து 15, கை இரண்டும் 24, உயரம் 29. இங்கே டேப் ஏது? போர்வை ஓரத்தில் உருவிய நூலும் என் சாணும்தான். அப்பா ஸ்கேலில் வைத்துக் காட்டிய நாளிலிருந்து என் சாண் ஒன்பது அங்குலம். எலும்பு சுருங்காது இல்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள். வக்கீலைப் பார்.

இப்படிக்கு,
ஊசி


மார்ச் 2

டேய் ஊசி,

நீ நலம் என்று எழுதியிருந்தாய். நாங்களும் நலம் என்று எழுதுகிறேன், வேறு என்னத்தை எழுத? காஜாக்காரி உன் கடிதத்தை மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் தினம் ஒரு தடவை நான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஈரத் துணி வரி வந்ததும் சிரிக்கிறாள், அடுத்த வரிக்குள் அழுதுவிடுகிறாள்.

சட்டையை நானே கொண்டுவந்து வாசலில் கொடுத்தேன். காலையில் போய் நின்றவள், ஜன்னலுக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கு முன்னால் ஒரு பால்காரம்மா நின்றாள். மகன் உள்ளே இருக்கிறானாம்.

"என்னம்மா, கிணத்துல உனக்கு யாரு விழுந்துட்டாங்க?" என்று கேட்டாள். ஊரே அந்த இடத்தைக் கிணறு என்றுதான் சொல்கிறது, பேரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை.

"என் தம்பி. அவன் ஒண்ணும் விழல. தள்ளிவிட்டாங்க" என்றேன்.

"சத்தம் போடாதே தாயே, சுவருக்குக் காது இருக்கு" என்றாள்.

படிக்கிற அதிகாரி ஐயா, இதை வேண்டுமானால் அடித்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது சுத்தமான குடும்ப விஷயம், அதை அடிக்காதீர்கள்.

தம்பி, ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆலைத் தொழிலாளர்கள் ஊர்வலத்துக்கு இருநூறு நீலச் சட்டை கேட்டு வந்தபோது, "லேபிள் வேண்டாம் அக்கா, எதுக்கு வம்பு" என்று நீ சொன்னாய். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நம் கையால் தைத்தது நம் பேரோடுதான் போக வேண்டும் என்று இருநூறு காலரிலும் உட்கார்ந்து லேபிள் வைத்தேன். ஊர்வலத்தில் அடிபட்டு விழுந்தவன் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தானே போலீஸ் கடைக்கு வந்தது? என் ஊசியை நானே காட்டிக் கொடுத்துவிட்டேன்.

சட்டை கைக்கு வந்ததும் எழுது. 20ஆம் தேதி கோர்ட் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். தலையை வாரிக்கொண்டு வா.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 5

கத்தரி அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா? கோர்ட் வாசலில் வெயிலில் காத்திருந்திருப்பீர்கள். வண்டி கிடைக்கவில்லை என்று எங்களைக் கூட்டிப்போகவில்லை. அடுத்த வாய்தா மே 15.

லேபிளைப் பற்றி இன்னொரு தடவை எழுதினால் நான் பதில் போட மாட்டேன். லேபிள் இல்லாவிட்டாலும் அந்த வரித் தையலைப் பார்த்தாலே நம் கடை என்று ஊருக்கே தெரியும். போய் வேலையைப் பார்.

நீ கொடுத்த சட்டை (இங்கே நான்கு வரிகள் மையால் அடிக்கப்பட்டுள்ளன) ஆகவே இன்னொன்று வேண்டும். அளவு கொஞ்சம் மாறியிருக்கிறது. நோட்டில் புதுப் பக்கம் போட்டு எழுதிக்கொள்: மார்பு 35½, கழுத்து 14, தோள் 17, கை 24, உயரம் 29.

கவனமாகப் பார்த்துத் தை அக்கா. நான் எழுதியபடியே தை.

காஜாக்காரியிடம் நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல். தெருக்கோடி பஸ் ஸ்டாப்பில் இன்னும் அந்த ஒற்றைக்கால் பெஞ்சுதான் இருக்கிறதா? அதில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஊசி


ஏப்ரல் 19

டேய் ஊசி,

நலம், நலம். நீ நலமாக இருக்கிறாயோ இல்லையோ, உனக்குப் புத்தி மழுங்கிவிட்டது.

முப்பத்தைந்தரையா? என்னடா அளவு இது? இரண்டே மாதத்தில் இரண்டரை அங்குலம் எங்கே போச்சு, எலி தின்னுடுச்சா? கழுத்து பதினாலாம்! மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தாயா, இல்லை நூலை இழுத்துக் கட்டினாயா? "நூலை இழுக்காதே, உடம்புமேல படுத்துக்கிடக்கணும்" என்று அப்பா உன் மண்டையில் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொன்னது மறந்துபோச்சா? இந்த அளவில் தைத்தால் முதுகு கிழியும். கோர்ட்டில் ஜட்ஜ் முன்னால் என் மானம்தான் போகும்.

கவலைப்படாதே. தப்பைத் திருத்திவிட்டேன். பழைய அளவிலேயே, மார்பு 38 வைத்து, தாராளமாகத் தைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வாசலில் கொடுத்தாயிற்று. இந்த முறை கைக்கு வந்து சேரும் என்று ஜன்னல்காரர் சொன்னார்.

காஜாக்காரி உனக்காக ஏழு காஜாவையும் கையாலேயே போட்டாள். மெஷினில் போட்டுத் தரவா என்று கேட்டதற்கு அவள் முறைத்த முறைப்பைப் பார்க்க வேண்டுமே! பெஞ்சு இன்னும் ஒற்றைக்காலில்தான் நிற்கிறது. நீ வந்து உட்கார்ந்தால் அந்தக் காலும் போய்விடும்.

அடுத்த தடவை ஒழுங்காக அளந்து எழுது.

அக்கா


ஜூன் 8

கத்தரி அக்காவுக்கு,

நலம். நீயும் அவளும் நலம்தானே? போன மாதம் எழுத முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, இடது கையால் எழுதிப் பழகுகிறேன். பொழுது போக வேண்டுமே.

சட்டை வந்து சேர்ந்தது. கையாலே போட்ட காஜா ஒவ்வொன்றும் பூ மாதிரி இருந்தது என்று அவளிடம் சொல். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. என்னோடு இன்னொருவரும் அதற்குள் வரலாம், அவ்வளவுதான்.

அக்கா, நீ தப்பாகத் தைக்கவில்லை. நானும் தப்பாக அளக்கவில்லை.

மே வாய்தாவும் தள்ளிப் போய்விட்டது. அடுத்தது ஆகஸ்ட் 10. அதற்கு ஒரு சட்டை தை. இனி வருவது எல்லாம் தையல் விஷயம்தான், படிக்கிற அதிகாரி ஐயாவுக்கு அலுப்பாக இருக்கும், மன்னிக்கவும்.

மார்பு 33. கழுத்து 13. இடது கை 24, வலது கை 22, வலது கையை மடக்கினபடி வைத்துத்தான் அளந்திருக்கிறேன், அது அப்படியேதான் இருக்கும். வலது தோளை முக்கால் அங்குலம் இறக்கு. முதுகுக்கு இரட்டைத் துணி வைக்காதே, ஒற்றைத் துணி, பழசாகித் துவைத்து மெத்தென்று ஆனது போதும். உள்பக்கம் பிசிறு எதுவும் உறுத்தாமல் எல்லாத் தையலையும் மடித்துத் தை. காலருக்குள் அட்டை வேண்டாம். வலது கைக்கு கஃப் பட்டன் வேண்டாம், எலாஸ்டிக் போதும். முன்பக்கப் பட்டன்களைப் பெரிதாக வை. காஜாவைக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொல், ஒரு கையால் போட்டுக்கொள்கிற மாதிரி.

லேபிள் மட்டும் வைத்துவிடு. நம் கடைச் சட்டை என்று தெரியட்டும்.

ஊசி


ஜூன் 21

என் தங்கத்துக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அளவு நோட்டை எடுத்து மூன்று வரிசையையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். 38. 35½. 33. எழுதி முடித்ததும் அப்படியே வெட்டுகிற மேஜையில் தலையை வைத்துப் படுத்துவிட்டேன். நாற்பது வருஷமாக ஊரார் உடம்பையெல்லாம் அளந்தவள் நான். பேன்ட் இடுப்பு அரை அங்குலம் இறங்கினால் "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறவள். என் தம்பி இரண்டரை அங்குலம் குறைந்து எழுதியிருக்கிறான், நான் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அளவு தப்பு என்று சொன்ன இந்த வாயைத்தான் முதலில் தைக்க வேண்டும்.

நீ சொன்னபடியே, ஒரு நூல் மாறாமல் தைத்தேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து முதுகுக்கு வைத்தேன். இந்தத் தடவை அளவு வரிகளை மட்டும் காஜாக்காரிக்குப் படித்துக் காட்டாமல் விட்டிருந்தேன். துண்டுகளை வெட்டிப் போட்டிருந்தபோது வந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டரா? எத்தனாவது படிக்கிற பையன்?" என்று கேட்டாள்.

காஜாவை அகலமாகப் போடு என்று மட்டும் சொன்னேன். அவள் வலது கைத் துண்டையும் இடது கைத் துண்டையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். அகலமாகக் காஜா போட உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி, நான் சும்மா இருக்கப் போவதில்லை. மூன்று அளவையும் ஒரு தாளில் எழுதி, உன்னை டாக்டரிடம் காட்ட வேண்டும், நாங்கள் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டு, சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு போட்டிருக்கிறேன். "கடிதத்தையெல்லாம் காட்ட வேணாம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று வக்கீல் தடுத்தார். பொறுக்கிற நிலைமையா இது? எழுத்தில் கண்ணுக்கு முன்னால் வைத்தால் எந்த மனுஷனும் பார்க்கத்தானே செய்வான்?

ஒவ்வொரு கடிதத்திலும் அளவு எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். அளவு மட்டும் எழுது, போதும்.

உன் அக்கா


ஜூலை 15

கண்காணிப்பாளர் அலுவலகம்
மத்தியச் சிறை

பொருள்: கைதி எண் 4417 குறித்த தங்கள் மனு.

தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி கைதி நல்ல உடல்நலத்துடன் உள்ளார். சிறை மருத்துவரின் பதிவேட்டின்படி அவரது எடை சேர்க்கப்பட்ட நாளைவிட இரண்டு கிலோ கூடியுள்ளது. வலது கையில் காயம் எதுவும் பதிவாகவில்லை. தையல் அளவுகளை மருத்துவச் சான்றாக ஏற்பதற்கு விதிகளில் இடமில்லை.

தணிக்கையைத் தவிர்க்கும் நோக்கில், குடும்ப விஷயம் என்ற போர்வையில், சிறை நிலைமை பற்றிய தகவல்களைக் கைதி வெளியே அனுப்பியது தங்கள் மனுவின் மூலம் இந்த அலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அதற்காகக் கைதிக்கு இரண்டு மாதங்களுக்குக் கடித உரிமை நிறுத்தப்படுகிறது. அவர் தனி அறைக்கு மாற்றப்பட்டுள்ளார். நேர்காணல் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

கண்காணிப்பாளருக்காக


ஆகஸ்ட் 14

தம்பி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்று தெரியும். இரண்டு மாதம் ஆகட்டும், சேர்த்துக் கொடுப்பார்களோ என்னவோ. நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

முதலில் லேபிள் வைத்துக் காட்டிக் கொடுத்தேன். அப்புறம் அளவைத் திருத்தினேன். இப்போது உனக்கிருந்த ஒரே வாசலையும் நானே மனு எழுதி அடைத்துவிட்டேன். எட்டு மாதத்தில் உனக்கு நான் செய்தது இவ்வளவுதான். அந்தப் படிக்கிற அதிகாரி தையல் விஷயம் என்று அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட கடிதத்தை, நான் கோனார் நோட்ஸ் போட்டது மாதிரி ஒவ்வொன்றாக விளக்கி அவர்கள் மேஜையிலேயே வைத்துவிட்டேன். வக்கீல் என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடியைத் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

10ஆம் தேதி கோர்ட்டுக்குப் போனோம். உன்னைக் கூட்டிவரவில்லை. கைதிக்கு லேசான காய்ச்சல் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள், ஜட்ஜ் வாங்கி வைத்துக்கொண்டு அக்டோபர் கடைசிக்குத் தள்ளிவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை தோறும் வாசலுக்குப் போகிறேன். ஜன்னல்காரர் என்னைப் பார்த்ததும் பேனாவை மூடுகிறார். பால்காரம்மாவிடம் அவள் மகனை வேறு ஊருக்கு மாற்றியாச்சு என்று சொன்னார்களாம். எந்த ஊர் என்று கேட்டால் பதில் இல்லை. "என் பிள்ளைய ஊருல இருக்கிற எல்லாச் சிறைக்கும் போய்த் தேடணும் போல" என்றாள்.

உன் சாண் ஒன்பது அங்குலம். அதை மறக்காதே. நூலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 10

அன்புள்ள சகோதரிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தங்கள் கடிதங்கள் கிடைத்தன. நான் இங்கு மிகவும் நல்ல முறையில் நடத்தப்படுகிறேன். உணவு போதிய அளவு கிடைக்கிறது. காய்ச்சல் குணமாகிவிட்டது. கையிலும் எந்தப் பிரச்சினையும் இல்லை. முன்னர் நான் எழுதிய அளவுகள் தவறானவை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதிகாரிகள் அன்புடன் டேப் கொடுத்து உதவியதால் இம்முறை சரியாக அளந்துள்ளேன்.

மார்பு 38, தோள் 17½, கழுத்து 15, கை இரண்டும் 24, உயரம் 29.

நீதிமன்றத்துக்குச் செல்ல இந்த அளவில் ஒரு சட்டை தைத்து அனுப்பவும். என் மனைவிக்கு என் அன்பைத் தெரிவிக்கவும். மேலதிகாரிகளுக்கு மனு அனுப்பி வீண் சிரமப்பட வேண்டாம்.

தங்கள் அன்புச் சகோதரன்


அக்டோபர் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கண்டு எங்கள் இருவருக்கும் உயிர் வந்தது. காய்ச்சல் விட்டதும், கை சரியானதும், அளவு பழையபடி ஆனதும் நல்ல சேதி. டேப் கொடுத்து உதவிய அதிகாரிகளுக்கு எங்கள் நன்றியைச் சொல். வீணாக மனு போட்டது என் தப்புதான். பெண்புத்தி, பயந்துவிட்டேன் என்று சொல்லிவிடு.

நீ கேட்டபடியே மார்பு 38 வைத்து வெள்ளைச் சட்டை ஒன்று தைத்து, கடையில் கொடுப்பது மாதிரி மடித்து, அட்டை வைத்து, குண்டூசி குத்தி, வாசலில் சேர்த்துவிட்டேன். ஜன்னல்காரர் மேலாகத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். கழுத்து வேலையும் முன்பக்கப் பட்டன் வேலையும் இந்தத் தடவை கொஞ்சம் புது மாதிரி. போட்டுப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது, எங்கேயாவது பிடிக்கிறதா, பட்டன் போட வசதியாக இருக்கிறதா என்று மறக்காமல் எழுது. தையல்காரிக்கு வேறு என்ன வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 12

அன்புள்ள சகோதரிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தாங்கள் அனுப்பிய சட்டை கிடைத்தது. உடனே போட்டுப் பார்த்தேன். மிகவும் கச்சிதமாகப் பொருந்துகிறது. எங்கும் பிடிக்கவில்லை. கழுத்து வேலைப்பாடு அருமை. பட்டன்களைப் போடவும் கழற்றவும் மிக எளிதாக உள்ளது. தங்கள் கைத்திறமையை இங்கு அனைவரும் பாராட்டினர்.

நீதிமன்ற வாய்தா மீண்டும் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. கவலை வேண்டாம்.

தங்கள் அன்புச் சகோதரன்


நவம்பர் 20

கடிதம் படிக்கிற ஐயாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கவில்லை. என் தம்பி பேரில் இரண்டு கடிதம் எழுதி, மார்பு முப்பத்தெட்டு என்று போட்டவர் நீங்கள். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

முதல் பொய்க் கடிதத்தை உறையைப் பிரித்த உடனேயே கண்டுகொண்டேன். என் தம்பி என்னைச் சகோதரி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் போதும், இடது கை என்று நம்பிவிடுவாள் என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் நான் பார்த்தது எழுத்தை அல்ல, அளவை. பிப்ரவரியில் அவன் எழுதிய ஐந்து எண்ணையும் கோப்பில் பார்த்து அப்படியே இறக்கி வைத்திருக்கிறீர்கள், அரை அங்குலம்கூட மாறவில்லை. ஜூனில் முப்பத்துமூன்று அங்குலமும், நிமிராத ஒரு கையுமாக இருந்தவனைத் தனி அறையில் போட்டு நான்கே மாதத்தில் முப்பத்தெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களாம்! அப்படி ஒரு சாப்பாடு உங்கள் கிணற்றில் போடுகிறீர்கள் என்றால் ஊரே வந்து குதித்துவிடும்.

ஆனால் எனக்கும் மனசு கேட்கவில்லை. ஒருவேளை அவன் உயிரோடு இருந்து, யாரோ மிரட்டி எழுத வைத்திருந்தால்? அந்த ஒருவேளைக்காகத்தான் சட்டை தைத்தேன்.

அந்தச் சட்டையை நீங்கள் பிரித்தே பார்க்கவில்லை. நானே சொல்கிறேன். அதற்குக் கழுத்து கிடையாது. வட்டமே வெட்டவில்லை, முழுத் துணியின்மேல் காலரை உட்கார வைத்துத் தைத்தது. முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது. ஏழு காஜா இருக்கிறது, அவன் பெண்டாட்டி உட்கார்ந்து போட்டாள், ஒன்றுக்கும் வாய் வெட்டவில்லை. பட்டன் ஏழும் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, எதற்குள்ளும் நுழையாது. அதிலிருந்து ஒரு தலை வெளியே வர முடியாது, ஒரு பட்டனைக்கூடக் கழற்ற முடியாது. உயிரோடு இருக்கிற எவன் கையில் கொடுத்தாலும், "என்ன அக்கா, பைத்தியம் பிடிச்சிடுச்சா?" என்று கேட்டிருப்பான். என் ஊசி கேட்டிருந்தால், ஐயா, நான் தெருவில் இறங்கிக் கூத்தாடியிருப்பேன். ஒரு மாதம் அந்தத் திட்டுக்காகத்தான் தவம் கிடந்தேன்.

கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எழுதினீர்கள். பட்டன் போட எளிதாக இருக்கிறது என்று எழுதினீர்கள்.

அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லிக் காஜாக்காரி பக்கத்தில் நின்றாள். படித்தேன். "அப்ப அவரு இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மெஷின் டிராயரைத் திறந்து, அவன் எழுதிய மூன்று கடிதத்தையும் எடுத்து, உங்கள் இரண்டையும் அதிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தாள். எழுத்தே தெரியாதவள், ஒன்றைக்கூட மாற்றி வைக்கவில்லை.

அதே மாதிரி இன்னொரு சட்டை வக்கீல் அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில், சாட்சிக்கு இரண்டு பேரை உட்கார வைத்துத்தான் தைத்தேன். வக்கீல் பேச்சைக் கேட்டேன் இந்தத் தடவை. உங்கள் நவம்பர் கடிதமும் அவரிடம்தான். திங்கட்கிழமை அது ஜட்ஜ் மேஜைக்குப் போகிறது. ஜட்ஜ் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, அவர் மேலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் வாசல் வரிசையில் நிற்கிற பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். இனி எல்லோரும் அவரவர் வீட்டு ஆளிடம் சட்டை அளவு கேட்டு எழுதுவார்கள். பால்காரம்மா மகனுக்கும் கேட்டிருக்கிறாள். முந்நூறு பேருக்கு அளவு எழுத வேண்டியிருக்கும், கோப்பையெல்லாம் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இனி அளவு வேண்டாம். அவன் கடைசியில் எத்தனை அங்குலம் இருந்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நீளம் ஐந்தடி ஏழு, அது மாறியிருக்காது. எலும்பு சுருங்காது என்று அவனே எழுதியிருக்கிறான், பிப்ரவரிக் கடிதத்தில், உங்கள் கோப்பில் நகல் இருக்கும். அந்த நீளத்துக்கு வெள்ளைத் துணி வெட்டி, ஓரம் மடித்து, ஒரு மூலையில் லேபிள் வைத்துத் தயாராக இருக்கிறது.

எந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். உங்கள் வலது கையாலேயே எழுதுங்கள் ஐயா, இனி கஷ்டப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
ஊசியின் அக்கா